மன்னிப்பு ஒரு அத்தியாயம், சம்மதம் வேறு அத்தியாயம்

கேள்வி: மெஞ்ஞானபுரம் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைக் களமாக வைத்து, வீட்டில் எல்லோரும் படிக்கக்கூடிய கிறிஸ்தவக் காதல் நாவல் ஒன்று எழுதிவருகிறேன். 30 அத்தியாயம், ஏறத்தாழ 60,000 சொல். நாயகி பள்ளி ஆசிரியை. கோயிலில் இரண்டு ஓலை (கல்யாணத்துக்கு முன் சபையில் மூன்று முறை வாசிக்கும் அறிவிப்பு) வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முன் மாப்பிள்ளையின் அப்பா கூடுதலாக நகை கேட்கிறார், கல்யாணம் நின்றுபோகிறது. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். 24-ம் அத்தியாயத்தில் ஒரு பிரசங்கம் கேட்டு அவள் மனம் மாறி, அவனை மன்னித்து, கல்யாணத்துக்கும் சம்மதிக்கிறாள். படித்துப் பார்த்தவர்கள் 'இந்த இடம் பிரசங்கமாக இருக்கிறது, காதலும் செத்துப்போகிறது' என்கிறார்கள். எப்படித் திருத்துவது? வசனங்கள் எவ்வளவு வரலாம்?

பதில்: பிரசங்கத்தை எடுத்துவிட்டாலும் அந்த அத்தியாயம் தேறாது. அங்கே இரண்டு பெரிய காரியங்கள் ஒரே மூச்சில் நடக்கின்றன: மன்னிக்கிறாள், கட்டிக்கொள்ளவும் ஒப்புகிறாள். மன்னிப்பு அவள் ஒருத்தியே ஆண்டவர் முன்னால் தீர்த்துக்கொள்ளக்கூடியது. அதற்கு அவன் ஊரில் இருக்கக்கூட வேண்டியதில்லை. நம்பிக்கையை மட்டும் அவன்தான் நடந்துகாட்டிச் சம்பாதிக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். இரண்டையும் ஒட்டவைத்ததால், கல்யாணம் நடக்க வேண்டுமே என்று மன்னித்தது போலவும், மன்னித்துவிட்டோமே என்று கட்டிக்கொண்டது போலவும் ஆகிவிடுகிறது. காதல் செத்துப்போவது அங்கேதான்.

உங்கள் 30 அத்தியாயங்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். கல்யாணம் நின்ற அவமானம் முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் முடியட்டும். ஐந்திலோ ஆறிலோ அவன் திரும்பி வரட்டும். மன்னிப்பை 24-லிருந்து 19-க்கோ 20-க்கோ முன்னே கொண்டுவாருங்கள். சம்மதத்தை 28-க்குத் தள்ளிவையுங்கள். நடுவில் கிடைக்கும் ஏழெட்டு அத்தியாயங்கள்தான் இந்த நாவலின் உயிர். வெறுப்பு போய்விட்டது, ஆகவே அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடிகிறது. நம்பிக்கை இன்னும் வரவில்லை, ஆகவே பக்கத்தில் போக முடியவில்லை. கண்ணியமான காதல் கதைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

அந்த அத்தியாயங்களில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஆதியாகமத்தில் யோசேப்பின் கதையை, 42 முதல் 45-ம் அதிகாரம் வரை, கதை எழுதுகிறவரின் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரைப் பார்த்ததும் யோசேப்பு கட்டிக்கொள்ளவில்லை. ஒதுங்கிப்போய் அழுகிறான் (42:24), உள்ளறைக்குள் போய் அழுகிறான் (43:30). மனம் இளகிவிட்டது, ஆனாலும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, பழைய சூழ்நிலையையே மறுபடி உண்டாக்குகிறான்: அப்பாவுக்குச் செல்லமான தம்பி, அவனை விட்டுவிட்டுப் போய்விட ஒரு வசதியான வழி. அன்று 'யோசேப்பை விற்றுப்போடுவோம்' என்று யோசனை சொன்ன அதே யூதா (37:26, 27), இன்று 'தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்' என்கிறான் (44:33). அதற்கப்புறம்தான் 45-ம் அதிகாரத்தில் யோசேப்பு தன்னை வெளிப்படுத்துகிறான்.

உங்கள் நாயகனுக்கும் அதே பரீட்சை வேண்டும். அவன் செய்த குற்றம் மௌனம். ஆகவே விபத்தில் யாரையாவது காப்பாற்றினான், அநாதை இல்லத்துக்குக் கொடுத்தான் என்பதெல்லாம் கணக்கில் சேராது. அவன் தம்பிக்குப் பெண் பேசட்டும். அதே முன்னறை, அதே அப்பா, அதே நகைப் பட்டியல். இந்த முறை அவன் வாய் திறக்கட்டும், அதனால் வீட்டில் அவனுக்கு உண்மையாகவே ஒரு நஷ்டம் வரட்டும். முக்கியமான ஒன்று: நாயகி அங்கே இருக்கக் கூடாது. அவள் கண்முன் பேசினால் அது அவளுக்காகப் போட்ட வேஷமாகிவிடும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாரோ ஒரு பெரியம்மா வேறு பேச்சின் நடுவே சொல்லி, ஒரு வாரம் கழித்து அவள் காதுக்கு வரட்டும்.

இன்னொன்றையும் அவன் செய்தாக வேண்டும். ஓலை சபை நடுவே வாசிக்கப்பட்டது. அவமானமும் சபை நடுவேதான் வந்தது. அதற்குத் தனியே ஒரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டால் போதாது. வரி வசூலித்த சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்றான் (லூக்கா 19:8). உங்கள் நாயகனும் அவள் அப்பாவிடம் போகட்டும், கையில் ஒரு கணக்குத் தாளோடு: மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம், பத்திரிகை அச்சடித்த செலவு, பந்தல், வெட்டித் தைத்துவிட்டதால் திருப்பிக் கொடுக்க முடியாமல் போன ஜாக்கெட் துணி வரை. அந்தப் பணத்தை அவள் அப்பா 'வேண்டாம் தம்பி' என்று பெருந்தன்மையாகத் தள்ளிவிட வேண்டாம். வாங்கி, எண்ணிப் பார்த்து, பீரோவில் வைக்கட்டும். அந்த இரண்டு நிமிடம் எந்த வசனத்தையும்விட அதிகம் பேசும்.

இந்த வகை நாவல்களை அதிகம் கெடுப்பது ஒரு திருப்பம். கடைசியில் பார்த்தால் அவன் மேல் தப்பே இல்லை. தங்கைக்கு நோய், அதை மறைக்கத்தான் விலகினான் என்று வைத்துவிடுவார்கள். வாசகர் அழுவார், சரி. ஆனால் தப்பே நடக்காத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது? 20 அத்தியாயமாகச் சுமந்த பாரம் ஒரு வரியில் ஆவியாகிவிடும். காரணம் எது வேண்டுமானாலும் வையுங்கள், 'நான் பயந்தேன், அதனால் பேசவில்லை' என்ற வரியை அவனிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

இனி மன்னிப்புக் காட்சி. பிரசங்க மேடையை விட்டுவிட்டு, அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் இடத்துக்கு வாருங்கள். 1950-ல் வந்த தென்னிந்தியத் திருச்சபை வழிபாட்டு முறையிலேயே இது இருக்கிறது. குருவானவர் உடன் ஊழியர்களுக்குக் கொடுக்க, அவர்கள் வழியாகச் சபை முழுவதும் கைமாறி வரும். கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேரும். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடுவார்கள். இது காணிக்கைக்கு முன்னால் வருகிறது. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:23, 24 அங்கே தானாகவே உயிர்பெறும். நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கிராமத்துக் கோயில்களில் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம் உட்காரும் வழக்கம் இருக்கிறது. ஆகவே அவள் கைக்கு வரப்போவது அவனுடைய கை அல்ல, அவன் அம்மாவுடையது. அன்று கல்யாணப் பேச்சு முறிந்தபோது அடுப்படி வாசலில் சும்மா நின்றவள். இரண்டு வருடமாக இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து தப்பித்துக்கொண்டவள், பிந்தி வந்ததால் அன்றைக்குப் பக்கத்திலேயே உட்கார நேர்கிறது. வரிசையில் கை மாறி மாறி வருகிறது. இப்படி எழுதலாம்:

'அத்தையின் கை நீண்டது. மருதாணியில்லாத, சோப்பு அரித்த விரல்கள். அவள் கொடுத்தாள். இடது கையால் மூட மட்டும் ஒரு நொடி பிந்தியது. "சமாதானம்" என்று அத்தை சொன்னது பாதியில் உடைந்தது.'

இத்தோடு விட்டுவிடுங்கள். அவள் மனம் மாறியது என்று எழுத வேண்டாம். அந்தப் பிந்திய நொடி போதும். மன்னிப்புக்கு ஒரு விலை உண்டு என்பதும் அடுத்த சில பக்கங்களில் தெரியட்டும்: தன் பக்க நியாயத்தை ஊரில் சொல்லிச் சொல்லி ஆறுதல் அடைந்த பழக்கத்தை அவள் விட வேண்டியிருக்கும். 'பார்த்தாயா, நீயே போய்க் கை கொடுத்தாய்' என்று அக்காளே குத்திக்காட்டுவாள். மன்னித்த மறுவாரமே பழைய கோபம் திரும்பவும் வரட்டும். அப்பா யாக்கோபு செத்தபின் யோசேப்பின் அண்ணன்மாருக்கே பயம் திரும்ப வந்தது (ஆதியாகமம் 50:15).

வசனம் எவ்வளவு என்று கேட்டீர்கள். நாவல் முழுவதுக்கும் ஒரே ஒரு வேதபகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை வரலாம்: முதலில் காதில் விழும், அப்புறம் அவள் அதோடு சண்டை போடுவாள், கடைசியில் வசனத்தைச் சொல்லாமலே அதன்படி செய்வாள். பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் வசனம் சொல்லித் திருத்திக்கொள்ளும் உரையாடலை முழுவதுமாக வெட்டுங்கள். ஜெபம் நாலைந்து வரிக்கு மேல் போக வேண்டாம், அதுவும் திக்கித் திணறட்டும்: 'ஆண்டவரே, அவங்க பேரச் சொல்லி ஜெபிக்க எனக்கு வாய் வரல. நீரே பாத்துக்கிடும்.' 'கர்த்தர் என்னோடு பேசினார், நீதான் என் துணை' என்று நாயகன் வந்து சொல்வதை எந்த அத்தியாயத்திலும் அனுமதிக்காதீர்கள். அந்த வார்த்தை வந்தபின் அவளால் 'இல்லை' சொல்ல முடியாது.

சபை மொழியில் கலப்படம் கூடாது. உங்கள் ஊரில் சேகரம் (சில சபைகள் சேர்ந்த வட்டம்), ஐயர் (குருவானவர்), உபதேசியார் (சபை ஊழியர்), அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்து சாப்பிடும் விழா). பங்குத்தந்தை, திருப்பலி வந்தால் கத்தோலிக்கக் கதை. பாஸ்டர், சாட்சி சொல்வது, நகை போடாத மணப்பெண் என்றால் பெந்தெகொஸ்தே சபை. ஒரு சொல் தவறினால் உள்ளே இருப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார். பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) வேதாகமத்தின் நடையையே கடைசிவரை பின்பற்றுங்கள். நாட்காட்டியும் கைகொடுக்கும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை ஞாயிறுகளையும் சேர்த்தால் 46 நாள். லெந்து என்ற இந்தத் தவக்கால நாட்களில் பொதுவாகக் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மன்னிப்பை லெந்து தொடக்கத்தில் வைத்தால், காத்திருக்கும் காலம் தானாக அமைந்துவிடும்.

தொடாமல் காதலைக் காட்டுவது எப்படி என்ற கவலை உங்களுக்கு இருக்கும். உடம்பை மறைக்க வேண்டாம், கவனத்தைக் காட்டுங்கள். டிசம்பர் கேரல் பயிற்சியில் எந்த அடியில் அவள் மூச்செடுப்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் ஆர்மோனியத்தை அரை மாத்திரை இழுத்துப்பிடிக்கிறான். மற்றவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

ஒரு எல்லையை மட்டும் மீற வேண்டாம். குற்றம் அடி உதையாக, மிரட்டலாக, வரதட்சணைக் கொடுமையாக இருந்தால் மன்னிப்பு கல்யாணத்தில் முடியக் கூடாது. அவள் மன்னிக்கட்டும், தள்ளியே இருக்கட்டும், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் போகட்டும். இப்படிப்பட்ட புத்தகங்களை அடிபடும் வீடுகளிலும் படிக்கிறார்கள். 'மனஸ்தாபப்பட்டால்' மன்னி என்றுதான் லூக்கா 17:3-ல் இருக்கிறது. திரும்பிப்போய்க் குடியிரு என்று இல்லை.

திருத்தி முடித்ததும் 19 முதல் 28 வரையுள்ள அத்தியாயங்களை மட்டும் இரண்டு பேரிடம் கொடுங்கள்: ஒருவர் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர், மற்றவர் கோயில் பக்கமே போகாதவர். அவள் எந்தப் பக்கத்தில் மன்னித்தாள், எந்தப் பக்கத்தில் நம்பினாள் என்று பென்சிலால் குறித்துத் தரச் சொல்லுங்கள். இருவரும் இரண்டையும் ஒரே பக்கத்தில் குறித்தால், இடையில் இன்னும் இரண்டு அத்தியாயம் தேவை. கோயிலுக்குப் போகாதவருக்கு மன்னித்த இடமே அகப்படவில்லை என்றால், சமாதானம் கொடுக்கும் காட்சியில் அந்தக் கை மூடும் நொடியைச் சற்று நீட்டுங்கள், விளக்கம் சேர்க்க வேண்டாம்.