காப்பை அடகு வைத்து மக்புக் வாங்கலாமா?

வணக்கம் அம்மா,

மகனுக்கு மொறட்டுவையில் பொறியியல் கிடைத்த சந்தோசத்தோடு லப்டொப் தலையிடியும் கூடவே வந்துவிட்டது போலிருக்கிறது. தம்பி அப்பிளின் மக்புக்தான் வேண்டும் என்று நிற்கிறார். "விலை கூடினால் நாலு வருசமும் பழுதில்லாமல் ஓடும்தானே, காப்பை அடகு வைக்கட்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பு கையிலேயே இருக்கட்டும்.

விலைக்கும் உழைப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2009இல் ஸ்குவேர்ட்ரேட் என்ற அமெரிக்க வொரண்டி நிறுவனம் தன்னிடம் பதிவான லப்டொப்களை வைத்து, மூன்று வருடத்தில் எத்தனை பழுதாகும் என்று கணக்குப் பார்த்தது. விலை கூடியவை கொஞ்சம் குறைவாகத்தான் பழுதாகின. ஆனால் குறைவாகப் பழுதானதில் முதல் இரண்டு இடமும் ஆசூஸுக்கும் தோஷிபாவுக்கும் போனது, அப்பிள் 17.4 வீதத்துடன் நாலாம் இடம். பழைய கணக்கு, இன்றைய தரவரிசையாக எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் 2015 முதல் 2019 வரை வந்த மக்புக்குகளின் 'பட்டர்ஃபிளை' கீபோர்ட் தூசு பட்டாலே மக்கர் பண்ணியது. 2018இல் அப்பிளே இலவசமாகத் திருத்தித் தரத் தொடங்கியது. 2022இல் அது சம்பந்தமான வழக்கில் 5 கோடி டொலர் கொடுத்துத் தீர்க்கவும் சம்மதித்தது. விலை உச்சத்தில் இருந்த சாமான்தான் அது.

மூடியில் இருக்கும் பெயரைவிட, அந்தக் கொம்பனியின் எந்த வரிசை என்பதுதான் முக்கியம். ஒரே டெல்லில் 2025இல் பெயர் மாற்றும்வரை வீட்டுப் பாவனைக்கு இன்ஸ்பிரோன், அலுவலகங்களுக்கு லட்டிடியூட். லெனோவோவில் ஐடியாபாட், திங்க்பாட். எச்.பி.யில் அலுவலக வரிசை எலைட்புக். அலுவலக வரிசையில் பிணைச்சல் பலமாக இருக்கும், கழற்றிப் பூட்டுவது லேசு, பாகமும் கனகாலத்துக்குக் கிடைக்கும். கடையில் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். உடம்பு நெளிந்து கிரீச்சிட்டால் வையுங்கள். திரையை ஒரு கையால் திறக்கும்போது பிணைச்சலடியில் பிளாஸ்டிக் விரிகிறதா என்றும் பாருங்கள். மலிவான லப்டொப் அனேகமாக அங்கேதான் வெடிக்கும்.

பாவித்ததைத் திருத்தி விற்கும் ரீகண்டிஷன் திங்க்பாட், லட்டிடியூட் எடுப்பதிலும் தப்பில்லை. உள்ளே இருப்பது இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கவேண்டாம். அதைவிடப் பழையவற்றை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபருடன் முடிந்துவிட்டது.

இனித் தம்பிக்கு ஒரு வார்த்தை. எந்தத் துறை என்பது உள்ளே போன பிறகுதான் தெரியவரும். மெக்கானிக்கல் கிடைத்தால் இயந்திரப் பாகங்களை வரையும் சொலிட்வேர்க்ஸ் மென்பொருள் கேட்பார்கள். அது மக்கில் நேரடியாக ஓடாது. கம்பியூட்டர் சயன்ஸ் என்றால் மக்புக் அருமையான சாமான், பற்றரியும் நின்று பிடிக்கும். ஆனால் அதன் ரேமும் (வேலை நினைவகம்) எஸ்.எஸ்.டி.யும் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) பிறகு கூட்டமுடியாது, வாங்கும்போது எடுத்ததுதான். இப்போதைக்கு 16 ஜீ.பி. ரேம், 512 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. உள்ள ஒரு விண்டோஸ் லப்டொப் எந்தத் துறைக்கும் ஈடுகொடுக்கும். துறை தெரிந்தபின் ஆசை இருந்தால் அப்போது பார்ப்போம்.

வாங்கும் இடத்தில்தான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கொழும்பில் கம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் பத்துக் கடை ஏறி இறங்கி இரண்டாயிரம் ரூபாய் குறைத்துவிட்டு, பில்லின் பின்பக்கத்தை வாசிக்காமல் வருவார்கள். ஒரு வருட வொரண்டி என்றால் 350 நாள் என்று அதிலே போட்டிருக்கும். எரிந்த அடையாளம், துரு இருந்தால் வொரண்டி இல்லை என்றும் இருக்கும். கடற்கரைப் பக்கம் ஜன்னல் திறந்து கிடக்கும் வெள்ளவத்தை வீட்டில் துருவுக்கு உப்புக் காற்றே போதும். இது கொம்பனி வொரண்டியா, கடை வொரண்டியா? மதர்போர்ட் போனால் எத்தனை நாளில் தருவீர்கள்? இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். சீரியல் இலக்கத்தைக் கொம்பனியின் இணையத்தளத்தில் அடித்தால் வொரண்டி எப்போது முடிகிறது என்று அங்கேயே தெரியும். அதைக் கடைக்காரர் முன்னாலேயே தம்பியின் போனில் பார்த்துவிடுங்கள்.

மிச்சக் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொடுங்கள். பில் போடும்போது சீரியல் இலக்கத்தை எழுதச் சொல்லி, கடை முத்திரையும் குத்தி வாங்குங்கள்.