டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார்?

கேள்வி: மத்திய அரசின் நிதியில் இயங்கும் பெங்களூரு தன்னாட்சி ஆய்வு நிறுவனம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக விஞ்ஞானியாக இருக்கிறேன். ஜூனில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த மாநாட்டில் உரையாற்ற அங்குள்ள பல்கலைக்கழகம் அழைத்தது. டிக்கெட்டையும் அறையையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் முதல் வாரமே விண்ணப்பித்தேன். நிர்வாக அதிகாரி மூன்று முறை விளக்கம் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அதே சமயத்தில் பக்கத்து ஆய்வகக்காரரின் கோப்பு ஒன்பதே நாளில் கையெழுத்தாகி வந்தது. ஏப்ரலில் பதிவுக் கட்டணம் என் திட்ட நிதியிலிருந்தே கட்டப்பட்டது. பயண அனுமதி மட்டும் வரவில்லை. மியூனிக்கில் என் சித்தி மகள் இருப்பதால், மே 10 அன்று ஈட்டிய விடுப்பில் சொந்தப் பயணம் செல்வதாக வேறொரு விண்ணப்பம் கொடுத்தேன். விடுப்பைப் பிரிவுத் தலைவர் அனுமதித்தார். வெளிநாட்டுப் பயணம் பற்றி 21 நாள் கடந்தும் பதில் இல்லாததால் ஜூன் 5 அன்று புறப்பட்டேன். அனுமதியின்றி வெளிநாடு சென்றது, பணிக்கு வராதது, வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்றது ஆகிய மூன்றுக்கும் பத்து நாளில் விளக்கம் கேட்டு இப்போது மெமோ வந்திருக்கிறது. செப்டம்பரில் பதவி உயர்வு நேர்காணல். இவர்கள் மீது வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தோடு இரண்டு விண்ணப்பங்களின் நகல்களையும் இணைத்திருந்தது நல்லதாயிற்று. கடிதத்தின் பெரும்பகுதி நிர்வாக அதிகாரியைப் பற்றியது. ஆனால் இந்த விவகாரம் முழுவதும் ‘டிக்கெட்டையும் அறையையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்’ என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரே வரியில்தான் நிற்கிறது. கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று எந்த விசாரணை அதிகாரியும் கேட்கப்போவதில்லை. பணம் கொடுத்தது யார் என்று கேட்பார்.

வழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கம் கேட்கும் மெமோ உங்கள் உரிமை எதையும் இன்னும் பறிக்கவில்லை. இந்தக் கட்டத்தில் ரிட் மனு சாதாரணமாக நிற்காது என்பதைக் குனிசெட்டி சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. வெளிநாடு செல்வது அடிப்படை உரிமை என்று 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி தீர்ப்பைக் காட்டுகிறீர்கள். அது அரசு கடவுச்சீட்டைப் பறித்த வழக்கு. உங்களை யாரும் தடுக்கவில்லை, நீங்கள் போய்வந்தும்விட்டீர்கள், இப்போது கேட்கப்படுவது பணி விதிகளைப் பற்றிய கேள்வி. சக விஞ்ஞானியின் கோப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ஊழியரின் பணி விவரம் தனிப்பட்ட தகவல் என்று கூறும் 2012ஆம் ஆண்டின் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே தீர்ப்பைக் காட்டி மறுப்பார்கள். அது கையில் கிடைத்தாலும், அவருக்கு அனுமதி கிடைத்தது என்பது உங்களுக்கு அனுமதி கிடைத்ததாக ஆகாது.

21 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று நீங்கள் நம்பியிருக்கும் ஆணைக்கு வருகிறேன். பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2015 ஜூலையில் பிறப்பித்த அந்த ஆணை உண்மையானது, அதை நீங்கள் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது தனிப்பட்ட பயணத்துக்கு மட்டுமே உரியது. அந்த ஆணையை உங்கள் நிறுவனத்தின் ஆட்சிக்குழு ஏற்றிருக்கிறதா என்பதையும் துணைவிதிகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏற்றிருந்தாலும், மாநாட்டு நிரலில் உங்கள் பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயர், திரையில் காட்டிய முதல் பக்கத்தில் நிறுவனத்தின் முத்திரை, பதிவுக் கட்டண ரசீதில் திட்டக் கணக்கின் எண் ஆகிய மூன்றும் இருக்கும்போது அந்தப் பயணத்தைச் சொந்தப் பயணம் என்று வாதிட என்னால் முடியாது. எந்த வழக்கறிஞராலும் முடியாது.

இதைவிடக் கனமானது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. அதன் 6ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர்களும், அரசுக்குச் சொந்தமான அல்லது அரசின் கட்டுப்பாட்டில் உள்ள எந்த அமைப்பின் ஊழியர்களும், மத்திய அரசின் முன் அனுமதியின்றி வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்கக் கூடாது. ‘நான் அரசு ஊழியர் அல்ல, எங்கள் நிறுவனம் பதிவு பெற்ற சங்கம்’ என்று என்னிடம் வரும் விஞ்ஞானிகளில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அந்த வாதம் பிரிவின் சொற்களிலேயே அடிபட்டுப் போகிறது. பயணச் செலவு, இலவசத் தங்குமிடம், உணவு எல்லாமே விருந்தோம்பல்தான். செலவை ஏற்றது ஐக்கிய நாடுகள் சபையோ அதன் சிறப்பு முகமைகளில் ஒன்றோ ஆக இருந்திருந்தால் அது ‘வெளிநாட்டு மூலம்’ என்ற சொல்லுக்குள்ளேயே வராது, இந்தப் பேச்சும் எழாது. உங்கள் விஷயத்தில் கொடுத்தது ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகம். புறப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பாவது உள்துறை அமைச்சகத்துக்கு எஃப்.சி.-2 படிவத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும். இயக்குநர் கையெழுத்திட்டிருந்தால்கூட அந்த அனுமதி தனியாகத் தேவைப்பட்டிருக்கும். இதை நிறுவனங்களே பல நேரம் ஊழியருக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆயினும் அறியாமை இங்கே தண்டனையைக் குறைக்க உதவுமே தவிரக் குற்றத்தை இல்லாமல் ஆக்காது. தனியாகத் தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கு 37ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

பணிக்கு வராத குற்றச்சாட்டு மூன்றிலும் பலவீனமானது. விடுப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வராமை வேண்டுமென்றே செய்ததாக இருந்தால்தான் ஒழுங்கீனம் என்று கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதற்கு இரண்டு வாக்கியம் போதும்.

இனி, நான் உண்மையில் அஞ்சுவதைச் சொல்கிறேன். மே 10 விண்ணப்பத்தின் நகலை எடுத்து உங்கள் முன் வையுங்கள். தனிப்பட்ட வெளிநாட்டுப் பயணத்துக்கான அந்தப் படிவத்தில் பயணத்தின் நோக்கம், உத்தேசச் செலவு, செலவுக்கான நிதி எங்கிருந்து வருகிறது என்று கட்டங்கள் இருக்கின்றன. நோக்கத்துக்கு எதிரே ‘உறவினரைச் சந்தித்தல்’ என்றும், நிதிக்கு எதிரே ‘சொந்தம்’ என்றும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. மார்ச் விண்ணப்பத்தில் அதே ஊர், அதே வாரம், ஆனால் நோக்கம் மாநாடு, செலவு பல்கலைக்கழகத்துடையது. இரண்டையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வைத்து நூலால் கட்டினால், அனுமதியின்றிப் போனார் என்ற குற்றச்சாட்டு, உண்மையை மறைத்தார் என்று மாறிவிடும். முன்னது விதிமீறல், கண்டனத்தோடு முடியக்கூடியது. பின்னது மத்திய அரசுப் பணி நடத்தை விதிகளில் 3ஆம் விதி கேட்கும் முழுமையான நேர்மையைப் பற்றியது. அதற்கு, ஒழுங்கு நடவடிக்கைக்கான தனி விதிகளில், பெருந்தண்டனைக்கான 14ஆம் விதியின்கீழ்ச் சார்ஜ் ஷீட் வரும்.

நான் பார்த்த வரையில் இத்தகைய வழக்குகளில் விஞ்ஞானிகளைக் கவிழ்த்தது பயணத்தைவிட அதற்கு அவர்கள் எழுதிய பதில்தான். சில ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் ஒருவர், மெமோவுக்கு ஒன்பது பக்கப் பதில் கொடுத்துவிட்டு அதன் பிறகு என்னிடம் வந்தார். ஏழு பக்கம் அவர் பட்ட அவமானங்கள், எட்டாம் பக்கத்தில் அவர் பெருமையோடு எழுதிய ஒரு வரி: ‘தங்கும் செலவு முழுவதையும் அமைப்பாளர்களே ஏற்றதால் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.’ சார்ஜ் ஷீட் வந்தபோது அந்த வரி மேற்கோள் குறிக்குள் அப்படியே இருந்தது. இணைப்புப் பட்டியலில் முதல் ஆவணம் அவருடைய பதிலே. நிரூபிக்க வேறொன்றும் தேவைப்படவில்லை. ஏழு பக்கத்தில் இருந்த எதையும் விசாரணையில் யாரும் படிக்கவில்லை. விசாரணை இரண்டரை ஆண்டு இழுத்தது. அந்தக் காலத்தில் அவருக்குப் பதவி உயர்வும் இல்லை, வெளியூர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க, நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று சொல்லும் விஜிலன்ஸ் கிளியரன்சும் இல்லை.

அதனால் பதிலில் சித்தி மகளைக் கொண்டுவந்து, போனது அவர்களைப் பார்க்க, மாநாட்டுக்கு இடையில் போய்வந்தேன் என்று எழுத முற்படாதீர்கள். அவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கியதாகச் சொல்கிறீர்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஓட்டல் ரசீதில் இருக்கும் ஐந்து இரவுகளை அது மறைக்காது, மறைக்க முயன்றதாக மட்டுமே தெரியும். ஜெர்மனியிலிருந்து, நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை என்றோ அழைப்பு தனிப்பட்ட முறையிலானது என்றோ இப்போது கடிதம் வாங்காதீர்கள். பிரிவுத் தலைவரிடம் முன்தேதியிட்டுக் குறிப்பு எழுதித் தரச் சொல்லாதீர்கள். அவர் நல்லவராக இருந்து எழுதிக் கொடுத்தால் அவரையும் சேர்த்து இழுத்துக்கொள்வீர்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றது ஏற்றதுதான், பின்னால் திருப்புவது அதை அழிக்காது. அனுப்புவதானால் நிறுவனத்துக்கும் அமைச்சகத்துக்கும் தெரிவித்துவிட்டு, வங்கி வழியே, வெளிப்படையாக அனுப்ப வேண்டும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: நீங்கள் சமரசமாகப் போக வேண்டும், அதையும் சார்ஜ் ஷீட் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். காரணம் செப்டம்பர் நேர்காணல். பதவி உயர்வுக் குழுவின் பரிந்துரையை விசாரணை முடியும் வரை திறக்காமல் மூடிய உறையில் வைக்கும் முறை, சார்ஜ் ஷீட் வழங்கப்பட்ட பிறகுதான் பொருந்தும் என்று 1991இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. வெறும் மெமோ நிலுவையில் இருப்பது அந்த உறைக்குள் உங்களைத் தள்ளாது. நிறுவனத்தோடு மல்லுக்கு நின்று அவர்களைச் சார்ஜ் ஷீட் கொடுக்க வைத்துவிட்டால், நீங்கள் இறுதியில் ஜெயித்தாலும் அந்த உறை அதற்குள் எத்தனை ஆண்டு மூடியே கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பதில் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. மார்ச்சில் விண்ணப்பித்த தேதி, விளக்கம் கேட்கப்பட்ட மூன்று தேதிகள், பதிவுக் கட்டணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து செலுத்தப்பட்ட தேதி ஆகியவற்றை எந்த அடைமொழியும் இல்லாமல் வரிசையாகச் சொல்லுங்கள். மாநாட்டைப் பற்றி நிறுவனத்துக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும், நீங்கள் எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே வலுவான சான்று மார்ச் விண்ணப்பம்தான். மே விண்ணப்பத்தைத் தாங்கிப் பிடிக்க முயன்றால் இந்தச் சான்றை நீங்களே கைவிட்டவராவீர்கள். பயணம் கல்விசார்ந்தது, 21 நாள் ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டேன், இரண்டாவது படிவத்தை அப்படி நிரப்பியிருக்கக் கூடாது, வருந்துகிறேன் என்று ஒப்புக்கொண்டு, விடுப்புக் காலத்தை முறைப்படுத்தக் கோருங்கள். விருந்தோம்பல் பற்றிய பத்தியை மட்டும் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களாக எழுதாதீர்கள். துறை நடவடிக்கையில் ஒப்புக்கொள்ளும் சொல் குற்ற வழக்கிலும் எடுத்துவைக்கப்படலாம். வழக்குத் தொடரப்படுவதற்கு முன் பணம் செலுத்தி முடித்துக்கொள்ளும் காம்பவுண்டிங் வழியை அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு தருகிறது. உள்துறை அமைச்சகத்துக்கான அந்த மனுவும் நிறுவனத்துக்கான பதிலும் ஒரே மேசையில், ஒரே நாளில், ஒரே சொற்களில் எழுதப்பட வேண்டும். காம்பவுண்டிங் குற்ற வழக்கை மட்டுமே முடிக்கும், நிறுவனத்தின் கையைக் கட்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இயக்குநரிடம் நேரில் பேச வாய்ப்புக் கிடைத்தால் எழுத்துபூர்வமான எச்சரிக்கையைக் கேளுங்கள். எச்சரிக்கை அந்த ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 11ஆம் விதியின் தண்டனைப் பட்டியலில் இல்லை, கண்டனம் இருக்கிறது. எச்சரிக்கைக்கு ஒப்பவில்லை என்றால் கண்டனத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டு உழைத்தவருக்கு இது கசக்கும் என்பது எனக்குத் தெரியும். நிர்வாக அதிகாரியின் பெயரை அந்தச் சந்திப்பில் எடுக்கவே வேண்டாம்.

மெமோவில் இன்னும் ஆறு நாள் மிச்சமிருக்கிறது. ஆவணங்களைப் பார்வையிட வேண்டியிருப்பதால் மேலும் பத்து நாள் அவகாசம் தேவை என்று இரண்டே வரியில் ஒரு கடிதத்தை நாளைக் காலை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதம், டிக்கெட், ஓட்டல் ரசீது, பதிவுக் கட்டண ரசீது, இரண்டு விண்ணப்பங்கள், மெமோ, நிறுவனத்தின் துணைவிதிகள் ஆகியவற்றோடு பணி வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைச் சந்திக்கும் வரை, இதைப் பற்றி அலுவலக மின்னஞ்சலில் யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.