மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்ற முன் பெடலை மிதித்துப் பாருங்கள்: மொறிஸ் மைனர் பிறேக் கேள்வி பதில்

பழைய கார்களின் பிறேக் பற்றி எழுதிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மொறிஸ் மைனரைப் பற்றியவை. யாழ்ப்பாணத்தில் அது புதுமையில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடி, வருத்தக்காரரையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்கள் இவையும் ஒஸ்ரின்களும்தான். இன்றைக்கும் வீட்டுக்கு வீடு ஆசையாக வைத்திருக்கிறார்கள். பெயின்றுக்கும் சீற்றுக்கும் செலவழிக்கிற அளவுக்குப் பிறேக்கைப் பார்க்கிறார்களில்லை என்பதுதான் என் கவலை. மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே மாஸ்ரர் சிலிண்டர் (பெடலை மிதிக்கப் பிறேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற சிலிண்டர்), ஒரே எண்ணெய் வழி. அதில் ஓரிடத்தில் விட்டால் நான்கும் போய்விடும். மிஞ்சுவது ஹாண்ட் பிறேக் மட்டும்.

கேள்வி: அண்ணை, என்னிடம் அப்பா ஓடின 1960ஆம் ஆண்டு மைனர் இருக்கிறது. முதல் மிதியில் பெடல் தரைவரை போகிறது. உடனே இரண்டாம் தரம் மிதித்தால் மேலே நின்று பிடிக்கிறது. மாஸ்ரர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டோ?
(வாசகர், கோப்பாய்)

பதில்: பொறுங்கள் தம்பி. இரண்டாம் மிதியில் மேலே நிற்கிற பெடல் காலுக்கு எப்படித் தெரிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதில்தான் விசயம் இருக்கிறது. உறுதியாக நின்றால் சூவுக்கும் (உரசிப் பிடிக்கிற கட்டை) டிறம்முக்கும் (சில்லோடு சுற்றுகிற உருளை) இடைவெளி கூடிவிட்டது என்று எடுங்கள். ஸ்பிறிங் மாதிரி அமுங்கித் துள்ளினால் பைப்புக்குள் காற்று. உறுதியாக நின்று, காலை எடுக்காமல் ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் வைத்திருக்க மெல்ல மெல்லக் கீழே இறங்கினால்தான் மாஸ்ரர் சிலிண்டரின் கப் றப்பரில் (பிஸ்ரனைத் தாண்டி எண்ணெய் போகாமல் மறிக்கிற றப்பர்) சந்தேகம். அதுவும் வெளியில் எங்கும் எண்ணெய் கசியவில்லை என்று பார்த்த பிறகு.

உங்களுடையது பெரும்பாலும் முதலாவதாக இருக்கும். சில்லுகளுக்குக் கட்டை போட்டு, ஹாண்ட் பிறேக்கை விட்டு, ஒவ்வொரு சில்லாக ஜாக்கில் தூக்குங்கள். சில்லு மூடியைக் கழற்றிச் சில்லைச் சுற்றினால், துளைக்குள்ளால் அட்ஜஸ்ரரின் (அந்த இடைவெளியைச் சரிசெய்கிறது) ஸ்குறூத் தலை தெரியும். முன்சில்லில் ஒவ்வொரு சூவுக்கும் தனிச் சிலிண்டர், தனி அட்ஜஸ்ரர். பின்சில்லுக்கு ஒன்று. பலர் விடுகிற பிழை இங்கேதான். முன்சில்லில் கண்ணில் பட்ட ஒன்றை இறுக்கிவிட்டுச் சில்லை இறக்கிவிடுகிறார்கள். மற்றதைக் காண இன்னும் அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சூ மட்டும் கிட்ட நின்று மற்றது தூர நின்றால் பெடல் எப்படி மேலே வரும்?

சில்லு சுற்றாமல் நிற்கும்வரை இறுக்குங்கள். ஒருவரைக் கொண்டு பெடலை நன்றாக மிதிப்பியுங்கள். சூக்கள் நடுவுக்கு வந்து குந்தும், அட்ஜஸ்ரர் இன்னும் கொஞ்சம் இறுகும். பிறகு சில்லு உரசாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்னுக்கு விடுங்கள். அநேகமான கார்களில் இவ்வளவோடு பெடல் எழும்பிவிடும். எழும்பாவிட்டால் காற்றெடுங்கள் (சில்லின் நிப்பிளைத் திறந்து பைப்பிலுள்ள காற்றை வெளியேற்றுவது), மாஸ்ரருக்குத் தூரமான சில்லில் தொடங்கிக் கிட்டவுள்ளதில் முடியுங்கள்.

சூ வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்களுடையது 948 சீசீ எஞ்சின், முன் டிறம் 7 அங்குலம். 1962இல் 1098 சீசீ வந்தபோது அதை 8 அங்குலமாக்கினார்கள். 'மைனர் சூ' என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து பொருந்தாமல் நிற்க வேண்டாம்.

மாஸ்ரர் சிலிண்டர்தான் என்று கடைசியில் முடிவானால், அது இருக்கிற இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சாரதியின் காலடியில், கார்ப்பெற்றுக்குக் கீழே, சசிக்குள் (காரின் அடிச்சட்டம்). எண்ணெய் விடுகிற மூடியும் அங்கேதான், கார்ப்பெற்றைத் தூக்கித் தகட்டைக் கழற்றினால் தெரியும். கண்ணில் படாத இடம் என்பதால் எண்ணெய் குறைவதும் தெரியாது, கசிவதும் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கழற்றும்போது போல்ற் வெளியே வராமல் ரோர்சன் பார் (முன்சில்லுகளுக்கு ஸ்பிறிங்காக வேலை செய்கிற முறுக்குக் கம்பி) மறித்துக்கொண்டு நிற்கும். திரும்பப் பூட்டும்போது போல்ற்றை மறுபக்கத்தால் விட்டுப் பூட்டினால் அடுத்தமுறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: ஐயா, எல்லாச் சிலிண்டருக்கும் புது றப்பர் போட்டு ஓவர்ஹோல் செய்தோம். முதலில் நன்றாகப் பிடித்தது. இப்போது சில மைல் ஓடியதும் பெடல் கல்லாகிறது, சில்லுகள் சுடுகின்றன, காரைத் தள்ளவும் முடியவில்லை. ஆறவிட்டால் தானாக விடுகிறது. ஏன்?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: சிலிண்டர்களை எதில் கழுவினீர்கள்? உங்களிடம் நான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எங்கள் பக்கத்துக் கராச்சுகளில் எதையும் மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கம் இருக்கிறது. எஞ்சின் சாமானுக்குச் சரி. பிறேக் றப்பருக்கு அது நஞ்சு. மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், எஞ்சின் ஒயில், கிறீஸ் எது பட்டாலும் அந்த றப்பர் ஊதும். ஊதின கப்பை விரலில் எடுத்துப் பாருங்கள், விளிம்பு மழுங்கி, மெத்தென்று, சிலிண்டருக்குள் இறுகிப்போய் இருக்கும். புதுக் கப்பின் விளிம்பு கூராக நிற்கும். பிறேக் சாமானைப் பிறேக் ஒயிலிலோ மெதைலேற்றட் ஸ்பிரிற்றிலோ மட்டும் கழுவுங்கள்.

இனிக் காரணத்துக்கு வருவோம். மாஸ்ரர் சிலிண்டருக்குள் ஒரு சின்னத் துளை இருக்கிறது. பெடலை விட்டதும் பிஸ்ரன் முழுதாகப் பின்னுக்கு வந்து அந்தத் துளையைத் திறக்க வேண்டும். சூட்டில் விரிகிற எண்ணெய் அதனூடாகத் தொட்டிக்குத் திரும்பும். கப் ஊதிப் பெருத்தால் துளை மூடியபடியே இருக்கும். எண்ணெய் விரிய விரிய பிறேக் தானாக இறுகும், இறுக இறுக இன்னும் சூடேறும். ஆறினதும் விடுகிறது என்று நீங்கள் எழுதியது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

றப்பர் நன்றாக இருந்தும் இதே கோளாறு வரலாம். பெடலைக் கையால் மெதுவாக அமத்துங்கள். பெடலிலிருந்து மாஸ்ரருக்குப் போகிற தண்டு பிஸ்ரனைத் தொடும்முன் கொஞ்சம் சும்மா அசைய வேண்டும். அந்த அசைவு இல்லையென்றால் பூட்டு நட்டைத் தளர்த்தித் தண்டின் நீளத்தைக் குறையுங்கள். அதற்கும் முன்னால் கார்ப்பெற்றைப் பாருங்கள். மைனரின் பெடல் தரைக்குள்ளால் வருகிறது. புதிதாகப் போட்ட தடித்த கார்ப்பெற் பெடலை முழுதாகத் திரும்ப விடாமல் பிடிப்பது உண்டு. பெடல் திரும்புகிற அச்சின் புஷ் துருப்பிடித்தாலும் அப்படித்தான்.

எது குற்றவாளி என்று றோட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பிடித்துக்கொண்டு நிற்கும்போது காருக்குக் கட்டை போட்டு, அந்தச் சில்லின் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறவுங்கள். சுடு எண்ணெய் பீச்சும், கண்ணைக் கவனியுங்கள். சில்லு விட்டால் கோளாறு எண்ணெய் வழியில். விடாவிட்டால் டிறம்முக்குள் சூ, ஸ்பிறிங், அல்லது ஹாண்ட் பிறேக் கேபிள். எண்ணெய் வழிதான் என்றால், அடுத்தமுறை பிடிக்கும்போது மாஸ்ரரிலிருந்து வருகிற பைப்பின் நட்டைத் தளர்த்துங்கள். எல்லாச் சில்லும் விட்டால் மாஸ்ரர். ஒரு சில்லு மட்டும் விடாமல் நின்றால் அதற்குப் போகிற றப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கிறது. மைனரில் ஹோஸ் மூன்று: முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. வெளியில் வடிவாக இருக்கிறதே என்று பழைய ஹோஸை நம்பாதீர்கள்.

மண்ணெண்ணெய் பட்டது உறுதியென்றால் பூட்டின புது றப்பர் அத்தனையையும் எறியுங்கள். ஹோஸையும் சேர்த்து மாற்றி, பைப்புகளை ஸ்பிரிற்றால் கழுவிப் புது எண்ணெய் விடுங்கள். காசு போனதே என்று மனம் வருந்தும், எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஒன்றிரண்டை விட்டுவைத்தால் அதே வேலை திரும்ப வரும்.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும்போது பெடல் திடீரென்று பஞ்சாகித் தரைக்குப் போனது. ஓரமாக நிறுத்தி அரைமணி ஆறவிட்டதும் சரியாகிவிட்டது. வீட்டில் சோதித்தால் ஒரு குறையுமில்லை.
(வாசகர், வவுனியா)

பதில்: எண்ணெய் கொதித்திருக்கிறது. பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்கிற தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினால் அது 140வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டு வந்தால் சில்லுச் சிலிண்டருக்குள் எண்ணெய் ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆறினால் திரும்ப எண்ணெயாகிவிடும், அதனால்தான் வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. பெடல் உறுதியாக நின்றும் கார் நிற்காமல் போயிருந்தால் சூ சூடேறிப் பிடி இழந்தது என்று சொல்லியிருப்பேன். உங்களுடையது அதுவல்ல.

பழைய எண்ணெயை முழுதாக வெளியேற்றி டொட் 4 விடுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடி திறந்து கிடந்த பழைய போத்தலைப் பாவிக்காதீர்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பவும் மலைக்குப் போக முன் இதைச் செய்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

கேள்வி: பெடல் மேலேயே உறுதியாக நிற்கிறது. ஆனால் எவ்வளவு மிதித்தும் கார் இழுபட்டுத்தான் நிற்கிறது, இடப்பக்கமும் இழுக்கிறது.
(வாசகி, நெல்லியடி)

பதில்: பிள்ளை, இடப்பக்கம் பிடிக்கிறது, வலப்பக்கம் பிடிக்கவில்லை. வலது முன் டிறம்மைக் கழற்றுங்கள். சூவில் கிறீஸோ பிறேக் ஒயிலோ ஊறியிருக்கும், அல்லது ஒரு சிலிண்டரின் பிஸ்ரன் துருவில் இறுகியிருக்கும். ஊறின சூவைக் கழுவிப் பூட்ட வேண்டாம், மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. பின்சில்லையும் பாருங்கள். அங்கே சிலிண்டர் பின்தகட்டில் முன்னும் பின்னும் நகர வேண்டும். கடற்காற்றில் அது துருவேறி நின்றால் ஒரு சூதான் வேலை செய்யும். டிறம்முக்குள் இருக்கும் தூசை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது. ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: பிறேக் லைற் நன்றாக அழுத்தி மிதித்தால்தான் பற்றுகிறது. பெடலில் சுவிட்சைத் தேடினேன், காணவில்லை.
(வாசகர், சுன்னாகம்)

பதில்: பெடலில் இல்லை. மைனரில் அது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற சுவிட்ச், பிறேக் பைப்புகள் பிரிகிற இடத்தில் பூட்டியிருக்கும். அந்த இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். லைற் பளிச்சென்று பற்றினால் சுவிட்சை மாற்றுங்கள். வயர் முனையில் எண்ணெய் ஈரம் இருந்தால் சுவிட்ச் கசிகிறது, அதை மாற்றும்வரை காரை ஓட வேண்டாம். மாற்றும்போது காற்றுப் புகும், நான்கு சில்லிலும் எடுத்துவிட்டு றோட்டில் இறக்குங்கள்.