மடாதிபதி ரூம் தரையில திருகைக் கல்லு

அண்ணா வணக்கம்,

போன வாரம் இடைக்கால ஐரோப்பா பத்தி நீங்க எழுதினத படிச்சேன். பண்ணையாளுங்கள ஒரே வரியில அடிமைங்கன்னு சொல்லிட்டு போய்ட்டீங்க. வீடு, மாடு, கொஞ்சம் நிலம்னு வெச்சிருந்தவன் எப்படிண்ணா அடிமை ஆவான்? அப்புறம் யூட்யூப்ல ஒருத்தர், கல்யாணம் ஆன பொண்ணு முதல் ராத்திரி பிரபு வீட்டுக்குத்தான் போகணும்னு சட்டமே இருந்துச்சுன்னு அடிச்சு சொல்றார். உண்மையா? அவங்க குளிக்கவே மாட்டாங்களாமே?

ஒரு வாசகன் (பேரு போட வேண்டாம்ணா)

அன்புள்ள தம்பி,

அடிமைன்னு எழுதினது என் அவசரம், ஒத்துக்கறேன். நான் மனசுல வெச்சிருந்தது 13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அங்க இந்தப் பண்ணையாளுக்கு 'வில்லெய்ன்'னு பேரு. நம்ம சினிமா வில்லன் இங்கருந்து வந்தவர்தான். பெரிய மனுஷங்க கண்ணுக்கு பட்டிக்காட்டான்னா அயோக்கியன், அந்த அர்த்தம் அப்படியே நகர்ந்து நகர்ந்து நம்பியார் வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு.

நீ சொல்ற மாதிரி அவனுக்கு வீடு, மாடு, நிலம் எல்லாம் இருந்துச்சு, ஆனா சட்டப்படி பாத்தா அதெல்லாம் பிரபுவோட சொத்து, கேக்காம ஊரை விட்டுப் போக முடியாது, பல ஊர்ல வாரத்துக்கு 2, 3 நாள் பிரபு நிலத்துல சும்மா உழைக்கணும், அறுப்பு சமயத்துல அதுக்கு மேலயும் போகணும், அதாவது தன் கதிர் முத்தி உதிர்ற அதே நேரத்துல. அப்பன் செத்தா வீட்டுல இருக்கறதுலயே நல்ல மாடு பிரபுவுக்கு. அடுத்த நல்ல மாடு பெரும்பாலும் சர்ச் பாதிரியாருக்கு. துக்க வீட்டுல தொழுவத்துக்குள்ள போய் எது நல்ல மாடுன்னு பாக்கறாங்க பாரு, கசையடியெல்லாம் விட எனக்கு இதுதான் உறுத்துது.

முதல் ராத்திரி விஷயம் கப்சா. பண்ணை கோர்ட்டு பதிவேடு லத்தீன்ல தோல் சுருள்ல கட்டுக்கட்டா மிஞ்சியிருக்கு, யாரு மாடு யாரு வயல்ல மேஞ்சது, எந்தம்மா பீர் காய்ச்சி வித்து ஃபைன் கட்டினாங்கன்னு எல்லாத்தையும் எழுதின ஆளுங்க இதை எழுதல. நிஜத்துல இருந்தது கல்யாணக் காசு. பொண்ணக் கட்டிக் குடுக்கணும்னா பிரபுகிட்ட பணம் கட்டி அனுமதி வாங்கணும், ஏன்னா வெளியூருக்குப் போய்ட்டா அவளும் அவ புள்ளைங்களும் வேற எவன் பண்ணைக்கோ ஆளாய்டுவாங்கல்ல. யூட்யூப்காரருக்கு இதுல சுவாரஸ்யம் இல்ல போல.

குளிச்சாங்கப்பா. பெரிய ஊர்ல காசு குடுத்து வெந்நீர்ல குளிக்கற இடங்களே இருந்துச்சு.

நீ கேக்காத ஒண்ண சொல்றேன், எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமா படறது மாவு மில்லுதான். கோதுமையோ பார்லியோ, பிரபுவோட மில்லுலதான் அரைக்கணும். அரைச்சதுக்குக் கூலி தானியமாவே எடுத்துப்பாங்க, 13ல 1 பங்கு, 24ல 1 பங்குன்னு ஊருக்கு ஊர் மாறும். மூட்டை தூக்கிட்டுப் போய் வரிசையில நிக்கணும், மில்லுக்காரன் அளக்கறதுல கை வெப்பான். அதனால ஜனங்க வீட்டுல ரகசியமா திருகை வெச்சு அரைச்சாங்க. மாட்டினா ஃபைன், கல்லும் போய்டும்.

லண்டனுக்கு வடக்க செயின்ட் ஆல்பன்ஸ்னு ஒரு ஊர், அங்க மடம்தான் பிரபு. 1330கள்ல மடாதிபதியா இருந்தவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட். கொல்லன் மகன், சின்ன வயசுலயே அப்பா இல்லாம வளந்து ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்சவர், கணிதத்துல பெரிய மூளை, கிரகம் எல்லாம் காட்டற பிரமாதமான கடிகாரம் ஒண்ண வடிவமைச்சவர். அவ்வளவு பெரிய அறிவாளி என்ன பண்ணார்னா, ஊர்க்காரங்க திருகைக் கல்லையெல்லாம் பறிமுதல் பண்ணி மடத்துல தன்னோட ரூமுக்குத் தரையா பதிச்சுட்டார். தினம் அது மேலதான் நடந்து போவாங்க. அந்தக் கடிகாரத்தப் பத்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தரைதான் ஞாபகம் வருது, என்ன பண்றது.

கிட்டத்தட்ட 50 வருஷம் போச்சு. நடுவுல 1348ல கொள்ளை நோய் வந்து இங்கிலாந்துல ஏறக்குறைய பாதி ஜனம் போய்டுச்சு, ஆள் கிடைக்கல, கூலி ஏறுச்சு, உடனே 1351ல கூலி ஏத்தக்கூடாதுன்னு சட்டம், அப்புறம் ஆளுக்கு இவ்வளவுன்னு தலைவரி, கடைசியா 1381 ஜூன்ல விவசாயிங்க கிளம்பி லண்டனுக்குள்ள புகுந்துட்டாங்க. செயின்ட் ஆல்பன்ஸ் ஜனங்க வில்லியம் கிரிண்ட்காப் தலைமையில மடத்துக்குள்ள போனாங்க. அந்த ரூம் தரையப் பேத்து கல்லையெல்லாம் வெளிய எடுத்து உடைச்சு, சர்ச்சுல ஞாயித்துக்கிழமை ஆசீர்வாதம் பண்ணின ரொட்டிய பிட்டுத் தருவாங்கல்ல, அந்த மாதிரி ஆளுக்கொரு துண்டா குடுத்தாங்க. பறிகொடுத்தவங்கள்ல பலர் அதுக்குள்ள செத்திருப்பாங்க, வாங்கினது புள்ளையும் பேரனுமா இருக்கும்.

ஒரு மாசத்துக்குள்ள ராஜா படையோட வந்தார், 14 வயசு ரெண்டாம் ரிச்சர்ட் (மடாதிபதி ரிச்சர்ட் வேற). கிரிண்ட்காப்பை தூக்குல போட்டாங்க. இதெல்லாம் நமக்குத் தெரிய காரணம் தாமஸ் வால்சிங்கம்னு அதே மடத்து சாமியார். கலகக்காரங்க மேல கொலவெறியில எழுதினவர்தான், ஆனா அந்த ரொட்டி உவமைய எழுதி வெச்சது அவரேதான்.