பிரித்துக் கோத்த டிஸ்ட்ரிபியூட்டர்: கார்புரேட்டர் வழியாக வெடிப்பது ஏன்?

பிரித்துக் கோத்த டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி தீப்பொறி மின்சாரத்தைப் பகிரும் கருவி) மறுபடி பிரிக்கும் முன், அதன் மூடியிலுள்ள 1ஆம் சிலிண்டரின் வயரை 4ஆம் வயருடனும், 2ஆம் வயரை 3ஆம் வயருடனும் மாற்றிச் செருகிப் பாருங்கள். தீப்பொறி நன்றாக வந்தும், மோரிஸ் மைனர் காரின் 1098 சிசி இன்ஜின் கிளம்பாமல் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது என்றால், ரோட்டார் (மூடிக்குள் சுழன்று வயர்களுக்கு மின்சாரம் தரும் பாகம்) 180 டிகிரி எதிர்ப்பக்கம் நிற்பதாகவே கருத வேண்டியிருக்கிறது.

லூகாஸ் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டரில், உள்ளிருக்கும் எடைகளின் மேல் அமரும் கேமை (ரோட்டாரைத் தாங்கிச் சுழலும் பாகம்) இரு விதமாகவும் பொருத்த முடியும். எப்படி வைத்தாலும் திருகு ஒழுங்காக இறங்கிவிடுவதால் கோக்கும்போது பிழை தெரிவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை இன்ஜினோடு பிணைக்கும் அடியிலுள்ள இணைப்புத் துண்டைக் கழற்றியிருந்தால் அதையும் ஐயப்படலாம், ஏனெனில் அதன் நாக்கு மையத்திலிருந்து சற்று விலகியிருப்பதால் அது இன்ஜினில் ஒரே நிலையில்தான் அமரும்.

உறுதி செய்ய, இக்னிஷனை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, 1ஆம் பிளக்கைக் கழற்றி அத்துளையை விரலால் மூடியபடி இன்ஜினைக் கையால் சுழற்றுங்கள். விரலை அழுத்தம் தள்ளும் சமயத்தில் டைமிங் குறியை (தீப்பொறி வரவேண்டிய நிலையைக் காட்டும் அடையாளம்) நேராக்கினால் ரோட்டார் 1ஆம் வயரை நோக்க வேண்டும். 4ஆம் வயரை நோக்கினால் ரோட்டார் எதிர்ப்பக்கம் நிற்பதில் ஐயமில்லை.

வயர் மாற்றத்தோடு விட்டுவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் அடுத்து கை வைக்கும் மெக்கானிக் குழம்புவார். கேமின் தலையிலுள்ள திருகைக் கழற்றி கேமைத் திருப்பி வைப்பதே முறை. ஊசி (pin) அடித்துப் பொருத்திய இணைப்புத் துண்டைக் கழற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

ரோட்டார் ஏற்கெனவே 1ஆம் வயரைத்தான் நோக்குகிறது என்றால் மேற்சொன்னது பொருந்தாது. அப்போது வயர்கள் இடஞ்சுழியாக 1-3-4-2 என்ற வரிசையில் உள்ளனவா என்றும், பாயின்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை உள்ளதா என்றும் பாருங்கள்.