பயாஸில் தெரியும் ஹார்ட் டிஸ்க் விண்டோஸில் ஏன் தெரியவில்லை?

கேள்வி: ரிச்சி தெருவில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியுடன் இரண்டாவதாக நானே கேபினட்டில் பொருத்தினேன். கணினி வழக்கம்போல இயங்குகிறது. ஆனால் புதிய டிஸ்க் 'திஸ் பிசி'யில் தோன்றவே இல்லை. பழுதான டிஸ்க்கா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். டிஸ்க் மதர்போர்டுக்கே தெரியவில்லையா, அல்லது மதர்போர்டுக்குத் தெரிந்தும் விண்டோஸ் காட்டவில்லையா? முதலாவது கோளாறு, இரண்டாவதைப் பெரும்பாலும் கோளாறு என்றே சொல்ல முடியாது. கணினியை இயக்கியவுடன் டெலீட் விசையையோ எஃப்2 விசையையோ (மதர்போர்டுக்கு மதர்போர்டு இது மாறும்) தொடர்ந்து தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சென்று, சாட்டா (டிஸ்க்குகளை மதர்போர்டுடன் இணைக்கும் முறை) சாதனங்களின் பட்டியலில் புதிய டிஸ்க்கின் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால் கவலை வேண்டாம். லேஅவுட் போடாத நிலத்தில் மனை எண்ணைத் தேட முடியாது; அதுபோல, பகுதிகளாகப் பிரிக்கப்படாத புது டிஸ்க்குக்கு விண்டோஸ் டிரைவ் எழுத்து எதையும் தருவதில்லை. விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்தால், டிஸ்க்கை 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லி ஒரு சிறு பெட்டி தானாகவே எழும். அதில், டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறைகளான எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டில் ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் முறையில் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள்) எண்ணிக்கை 32 பிட்டுகளில் எழுதப்படுவதால், ஒரு செக்டருக்கு 512 பைட் என்ற கணக்கில் 2 டிபிக்கு மேல் அதனால் எட்ட முடியாது; உங்கள் டிஸ்க்கில் ஏறக்குறைய பாதி இடம் பயன்படாமலே கிடக்கும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆராகவே இருந்தாலும், தகவல் சேமிக்க மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது டிஸ்க் ஜிபிடியாக இருப்பதில் சிக்கல் ஏதுமில்லை.

பிறகு, கீழ்ப்பகுதியில் கறுப்புப் பட்டையுடன் 'அன்அலோகேட்டட்' என்று காட்டும் இடத்தில் வலது கிளிக் செய்து, 'நியூ சிம்பிள் வால்யூம்' வழியாக ஓர் எழுத்தைக் கொடுத்து, விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள். 'குவிக் ஃபார்மட்' கட்டத்தில் டிக் இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் 4 டிபிக்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரிடும். முடிந்ததும் 3.63 டிபி என்று காட்டுவதைப் பார்த்துக் கடைக்காரரைச் சந்தேகிக்காதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்குகளில் எண்ணுகிறது.

இத்தனையும் புது டிஸ்க்குக்குத்தான். பழைய கணினியிலிருந்து கழற்றிய, குடும்பப் படங்கள் உள்ள டிஸ்க்காக இருந்து, அதற்கும் இதே பெட்டி எழுந்தால், எதையும் அழுத்தாமல் 'கேன்சல்' செய்துவிடுங்கள். என்னிடம் வரும் தகவல் மீட்பு வேலைகளில் கணிசமானவை இந்த ஒரு 'ஓகே'யில் தொடங்கியவை. 'ஆஃப்லைன்' என்று காட்டினால் மட்டும், இடப்புறம் உள்ள டிஸ்க்கின் பெயர்மீது வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுப்பதே பெரும்பாலும் போதும்.

பயாஸிலேயே மாடல் எண் இல்லையென்றால், கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கேபினட்டைத் திறவுங்கள். டிஸ்க்குக்கு இரண்டு இணைப்புகள் வேண்டும்: எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் அகலமான பவர் முனை, மதர்போர்டுக்குச் செல்லும் குறுகலான சாட்டா கேபிள். சாட்டா முனையை உற்றுப் பார்த்தால் உள்ளே 'எல்' வடிவப் பள்ளம் தெரியும். உலோகக் கொக்கி உள்ள கேபிள் என்றால் 'டிக்' என்று மாட்டிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும். பார்வைக்கு நேராக இருந்தும் அரை மில்லிமீட்டர் வெளியே நின்ற முனைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கேபிளை மாற்றிப் பாருங்கள், மதர்போர்டில் வேறொரு சாட்டா போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். உங்கள் எஸ்எஸ்டி எம்.2 வகையாக (கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் சிறு அட்டை) இருந்தால் இது மிக அவசியம். ஏனெனில் பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தும்போது குறிப்பிட்ட சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ தாமாகவே செயலிழந்துவிடும். எந்தப் போர்ட் என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும்.

மின்கம்பியை மாட்டிக் கணினியை மீண்டும் இயக்கி, டிஸ்க்கின்மேல் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வே இல்லையென்றால், கணினியை அணைத்துவிட்டு வேறொரு பவர் முனையைச் செருகிப் பாருங்கள். வெளிப்புற யுஎஸ்பி டிரைவைப் பிரித்து எடுத்து விற்கப்படும் சில டிஸ்க்குகளில், பவர் முனையின் மூன்றாவது 'பின்' (மின் தொடுமுனை), டிஸ்க்கை நிறுத்தி வைக்கும் கட்டளைக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது; பழைய எஸ்எம்பிஎஸ் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் தருவதால் டிஸ்க் சுழலாமலே இருந்துவிடும். உங்களுடையது சீல் பிரிக்காத பெட்டியில் வந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

டிஸ்க் சுழன்றும் 'டக், டக்' என்று சீரான இடைவெளியில் தட்டும் ஒலி கேட்டாலோ, நண்பரின் கணினியில் மாட்டியும் பயாஸில் தெரியாவிட்டாலோ, அப்போது பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும்.