கேட்டில் ஏன் ஐந்தே குதிரை?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி: ரேஸில் ஜெயிக்கிற குதிரைக்கு லட்சக்கணக்கில் பரிசு என்று பேப்பரில் போடுகிறார்களே சார், அந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்? அரசாங்கமா?

அரசாங்கம் இல்லை அம்மா. பெரும்பகுதி டிக்கெட் வாங்குகிறவர்களின் பணம்தான். டோட்டில், அதாவது ரேஸ் கிளப்பே நடத்துகிற பந்தயக் கவுண்டரில், கட்டுகிற காசு எல்லாம் ஒரே குவியலாகச் சேரும், அதில் கிளப் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். அந்தக் கமிஷன், தனியாகப் பந்தயம் வாங்குகிற புக்கிகள் கட்டுகிற கட்டணம், குதிரை முதலாளிகள் ஒவ்வொரு ரேஸுக்கும் பெயர் கொடுக்கும்போது கட்டுகிற நுழைவுக் கட்டணம், டெர்பி மாதிரி பெரிய ரேஸ் என்றால் ஸ்பான்சர், இவ்வளவுதான் வரவு. இதிலிருந்துதான் பரிசுத்தொகை, ஊழியர் சம்பளம், மைதானப் பராமரிப்பு எல்லாம். பிரிட்டனில் வழி கொஞ்சம் வேறு. அங்கே 1961-ல் இதற்கென்றே ஒரு லெவி வாரியம் வைத்து, புக்கிகளின் லாபத்தில் ஒரு பங்கை வசூலித்து பந்தயத்துக்குத் திருப்பி விடுகிறார்கள். எப்படிச் சுற்றினாலும் பணம் கிளம்புகிற இடம் டிக்கெட் ஜன்னல்தான், இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த பதில்கள் சுலபமாகப் புரியும்.

அல்சூரிலிருந்து ஒரு வாசகர்: என் அப்பா முப்பது வருஷம் இங்கே சைஸாக, குதிரையைப் பராமரிக்கிறவராக, வேலை பார்த்தவர். லாயத்தில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் சில நாள் ஒரு ரேஸுக்கு ஐந்து, ஆறு குதிரைதான் ஓட்டம் கிளம்புகிற கேட்டுக்கு வருகிறது. பரிசை ஏற்றினால் நிறைய குதிரை வரும் என்கிறார்கள். உண்மையா?

பாதிதான் உண்மை. எந்தப் பரிசை ஏற்றுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ரேஸின் மொத்தப் பரிசு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய சம பலமுள்ள ஆறு குதிரை ஓடினால் ஒவ்வொரு முதலாளிக்கும் சராசரியாக 1,66,000 ரூபாய் வாய்ப்பு இருக்கிறது. பன்னிரண்டு ஓடினால் அதுவே 83,000. தீனி, லாயம், சைஸ் சம்பளம், லாடம், மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 50,000 ரூபாய் என்று வையுங்கள், வருஷத்துக்கு 6 லட்சம். ஒரு குதிரை வருஷத்தில் எட்டு முறை ஓடினால், பன்னிரண்டு குதிரை ரேஸ்களில் சராசரி வரவு 6,64,000. டிரெய்னர் பங்கு, ஜாக்கி பங்கு போனால் கையைக் கடிக்கும். ஆறு குதிரை ரேஸ்களிலேயே ஓடினால் அதே குதிரை லாபம். அதனால் எந்த முதலாளியும் எதிரிகள் குறைவாக இருக்கிற ரேஸைத்தான் தேடுவார், அதிலும் பெயர்ப் பட்டியலில் ஒரு சூரக்குதிரை இருந்துவிட்டால் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் டிக்கெட் வாங்குகிறவருக்குத் தேவை நேர் எதிர். முதல் இரண்டு குதிரையைச் சொல்கிற குவினெல்லாவுக்கு ஆறு குதிரையில் 15 ஜோடிதான், பன்னிரண்டில் 66. முதல் மூன்றை வரிசையாகச் சொல்கிற டானாலாவுக்கு ஆறில் 120 விதம், பன்னிரண்டில் 1,320. ஐந்து ரேஸிலும் ஜெயிக்கிற குதிரையைச் சொல்கிற ஜாக்பாட்டில் இது 7,776-க்கும் 2,48,832-க்கும் உள்ள வித்தியாசம். ஐந்து குதிரையில் ஒன்று எல்லாருக்கும் தெரிந்த ஃபேவரிட் என்றால் அதில் பணம் கட்டி என்ன கிடைக்கப்போகிறது, எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். டிக்கெட் விற்பனை விழுந்தால் கமிஷன் விழும், கமிஷன் விழுந்தால் அடுத்த சீசன் பரிசு குறையும், பரிசு குறைந்தால் முதலாளி குதிரையை விற்றுவிடுவார், அப்புறம் கேட்டில் நாலுதான்.

ஆக, நாலாவது, ஐந்தாவது வருகிற குதிரை அன்றைக்குக் கேட்டில் நின்றதே கிளப்புக்கு வருமானம். அந்த முதலாளிக்கு அது வெறும் செலவு. இந்த இடைவெளியை நிரப்புகிற இடத்தில்தான் பணத்தைப் போட வேண்டும் என்பது என் கருத்து. முதல் பரிசை இரண்டு மடங்காக்கினால் ஏற்கெனவே ஜெயிக்கிற இரண்டு பெரிய லாயங்கள் இன்னும் சந்தோஷப்படும், கூட்டம் கூடாது. அதே பணத்தை ஆறாவது இடம் வரை பிரித்துக் கொடுங்கள், கீழ் வகுப்பு ஹேண்டிகேப் (பலத்துக்கு ஏற்ப எடை ஏற்றி ஓடவிடுகிற) ரேஸ்களுக்குக் கொஞ்சம் ஏற்றுங்கள், அப்போது ஒற்றைக் குதிரை வைத்திருக்கிற சின்ன முதலாளி அடுத்த மாதமும் தீனிக் காசு கட்டுவார். கூடவே, ஒரு நாளில் எட்டு மெலிந்த ரேஸ் நடத்துவதைவிட ஆறு நிறைந்த ரேஸ் நடத்தலாம். ரேஸ் எண்ணிக்கையைக் குறைக்க யாருக்கும் மனசு வராது, ஆனால் இருக்கிற குதிரை இவ்வளவுதான் என்றால் வேறு வழி இல்லை.

இன்னொன்று. குதிரை தொழிற்சாலையில் செய்கிற சரக்கு இல்லை. பெண் குதிரை பதினோரு மாதம் சுமக்கும், குட்டி இரண்டு, மூன்று வயதில்தான் ஓட வரும். இன்றைக்குப் பரிசைக் குறைத்து வளர்ப்பவர் கையை முறித்தால் வலி தெரிய நாலு வருஷம் ஆகும், அதற்குள் குறைத்தவர்கள் பதவியிலேயே இருக்க மாட்டார்கள். வட அமெரிக்காவில் 1986-ல் 51,000-க்கு மேல் பிறந்த தரோப்ரெட் என்கிற பந்தய இனக் குட்டிகள் இப்போது வருஷத்துக்கு 20,000-க்கும் கீழே வந்துவிட்டன, ஒரு ரேஸுக்கு ஓடும் குதிரையும் சராசரியாக எட்டுக்குக் கீழ். விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டால் அடுத்த போகம் என்ன ஆகும் என்று உங்கள் அப்பா தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃப்ரேசர் டவுனிலிருந்து ஒரு வாசகர்: ஜிஎஸ்டி வந்த பிறகு ரேஸே படுத்துவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு வரி இவ்வளவு செய்யுமா?

செய்யும். வரி இருப்பது பிரச்சினை இல்லை, அதை எதன் மேல் போடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. கிளப் சம்பாதிக்கிற கமிஷன் மேல் போட்டால் அது மற்ற வியாபாரம் மாதிரி. இங்கே டிக்கெட்டின் முழு முகமதிப்பு மேல் போடுகிறார்கள், 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 40. குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே சொல்லிவிட்டது, ஆனாலும் வரிப் பட்டியலில் காசினோவுக்குப் பக்கத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மறுபடியும் உதாரணக் கணக்கு. கிளப் 100-க்கு 20 எடுத்துக்கொண்டு 80 திருப்பிக் கொடுக்கிறது என்று வையுங்கள். வரியே இல்லாவிட்டால், 1,000 ரூபாயோடு வந்து கிடைத்ததையெல்லாம் அடுத்த ரேஸில் போடுகிறவரிடம் நாலு ரேஸ் கழித்து சராசரியாக 410 ரூபாய் மிஞ்சும். 100 ரூபாய் டிக்கெட்டுக்கு 140 கொடுக்க வேண்டி வந்தால் அதே ஆளிடம் மிஞ்சுவது 107. அவர் ஐந்தாவது ரேஸ் வரை உட்காரவே மாட்டார், அல்லது வரி கேட்காத, ரசீது கொடுக்காத திருட்டு புக்கியிடம் போவார். அங்கே போகிற ரூபாயில் அரசாங்கத்துக்கும் ஒன்றும் இல்லை, குதிரைக்கும் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

ஹாங்காங்கில் இதே நோய் வந்தது. 1996-97-ல் 9,200 கோடி ஹாங்காங் டாலராக இருந்த பந்தய விற்பனை, 2005-06-ல் 6,000 கோடிக்கு இறங்கியது. 2006-ல் மொத்த விற்பனை மேல் இருந்த வரியை எடுத்துவிட்டு, பரிசு கொடுத்தது போக மிஞ்சுகிற தொகை மேல் வரி என்று மாற்றினார்கள். அந்த விகிதம் சின்னதும் இல்லை, 72.5 முதல் 75 சதவீதம் வரை. இருந்தும் விற்பனை ஏறிக்கொண்டே போய் 2013-14-ல் 10,000 கோடியைத் தாண்டியது. அங்கே ஹேப்பி வேலி மைதானத்தில் 12, ஷா டின் மைதானத்தில் 14 குதிரை வரை ஓடுவது சர்வ சாதாரணம்.

மத்திக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: உலகத்திலேயே பெரிய பரிசு வைத்தால் நம் ஊருக்கும் பெயர் வராதா?

பெயர் வரும் தம்பி. 2020-ல் தொடங்கிய சவுதி கோப்பைக்கு 2 கோடி டாலர் பரிசு, கொடுப்பது அந்த நாட்டுப் பணபலம். சிட்னியின் எவரெஸ்ட் ரேஸ் 2017-ல் வந்தது, அதில் 12 இடங்களை ஆளுக்கு 6 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றே பரிசின் பெரும்பகுதியைத் திரட்டினார்கள், கெட்டிக்கார யோசனை. ஆனால் இரண்டும் வருஷத்தில் ஒரு நாள் சமாச்சாரம். சாதாரண வெள்ளிக்கிழமை மூன்றாவது ரேஸை அது நிரப்பாது.

சிவாஜிநகரிலிருந்து ஒரு வாசகர்: மச்சான் நாலு பேரோடு சேர்ந்து ஒரு குதிரை வாங்கப் போகிறான். என்னையும் 2 லட்சம் போடச் சொல்கிறான். போடலாமா?

முதலீடு என்று நினைத்துப் போடாதீர்கள் ஐயா. பரிசு வராத மாதமும் தீனிக் கணக்கு வரும், காலில் அடிபட்டு ஆறு மாதம் நின்றாலும் வரும். குதிரை மேல் ஆசை, விடியற்காலை டிராக்கில் அது ஓடுவதைப் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது, அந்தப் பணம் போனாலும் வீட்டில் அரிசி பருப்புக்குக் குறை வராது என்றால் போடுங்கள். அதற்கு முன்னால் மச்சானிடம் இரண்டு விஷயத்தை எழுதி வாங்குங்கள்: மாதாமாதம் உங்கள் பங்கு எவ்வளவு, யாராவது பாதியில் விலகினால் அவர் பங்கை யார் கட்டுவது. மூன்றாவதாக இன்னொன்றும் கேளுங்கள், ஓட்டம் முடிந்த பிறகு அந்தக் குதிரையை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று. அதற்கு அவனிடம் பதில் இல்லையென்றால் 2 லட்சத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.